எரியுமுன் வரைந்த மண்டபம்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசாணைகளையும் கல்வெட்டுகளையும் வரிக்கணக்குகளையும் தேடிச் செல்வது இயல்பு. அவற்றுக்கு எவ்வகையிலும் குறையாத சான்று இன்னும் ஒன்று உண்டு. யாரோ ஒருவன் தெருவோரத்தில் அமர்ந்து, கண்ணெதிரே நின்ற கட்டடத்தைக் கரிக்கோலால் தாளில் இறக்கிவைத்த கோடுகளே அச்சான்று. ஆணையை எழுதியவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும். கணக்கை எழுதியவனுக்கு ஒரு தலைவன் இருப்பான். கண்டதைக் கண்டவாறு வரைந்தவனுக்கோ பல வேளைகளில் இரண்டுமே இருப்பதில்லை. அத்தகைய ஒல்லாந்துச் சித்திரம் ஒன்றையும், அதை வரைந்த கையையும், அது பிழைத்துவந்த வரலாற்றையும் கவிஞர்கள் கூடியுள்ள இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

அச்சித்திரம் 1641ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கி 20ஆம் நாள் வரை, ஆறு நாள்கள் வரையப்பட்டது. வரைந்தவர் பீட்டர் சான்ரெடம். வரையப்பட்டது ஆம்ஸ்டர்டாம் மாநகரின் பழைய நகர மண்டபம். பதினோராண்டுகள் நிறைவதற்குச் சில நாள்கள் இருக்கையில், 1652 ஜூலை 7ஆம் நாள், அம்மண்டபம் தீக்கிரையாயிற்று. கட்டடம் போயிற்று, கோடுகள் நின்றன. இவ்வளவே செய்தி. ஆயினும் இச்சிறு செய்திக்குள் கலையைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் நாம் கற்க வேண்டியவை பல அடங்கியுள்ளன.

வரைந்த கை

சான்ரெடம் 1597ஆம் ஆண்டு அசெண்டெல்ஃப்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை யான் சான்ரெடம் அக்காலத்தில் பெயர்பெற்ற செப்புத்தகட்டுச் சித்திரக் கலைஞர். மகனுக்குப் பத்து வயது அளவில், 1607இல், தந்தை மறைந்தார். பின்னர் ஹார்லெம் நகருக்குக் குடிபெயர்ந்த பீட்டர், 1612 முதல் பத்தாண்டுக் காலம் ஃபிரான்ஸ் டி கிரெப்பர் என்னும் ஓவியரிடம் பயின்று, 1623இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். அவர் முதுகு கூனியவர். அவருடைய நண்பரும் கட்டடக்கலை வல்லுநருமான யாக்கோப் வான் காம்பென் 1628இல் வரைந்த அவரது உருவச் சித்திரம் இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அந்தக் கூன் மறைக்கப்படவில்லை. உள்ளதை உள்ளவாறு வரைந்தவரை, அவர் நண்பரும் உள்ளவாறே வரைந்து வைத்தார் எனலாம்.

அதே 1628ஆம் ஆண்டில் ஹார்லெமின் சமயகுருவும் கவிஞருமான சாமுவேல் அம்ப்சிங் தம் நகரின் வரலாற்றையும் பெருமையையும் செய்யுளில் பாடி நூலாக்கினார். அந்நூலுக்குச் சித்திரங்கள் வரைந்து தந்தவர்களுள் சான்ரெடம் ஒருவர். நகரைப் பாடும் கவிஞனுக்கு நகரை வரைபவன் துணைநின்ற அந்த வேளையில்தான், கட்டடங்களை வரைவதே தம் வழி என்பதை அவர் கண்டுகொண்டார் போலும். அதன்பின் 1665இல் மறையும் வரை, வேறு பொருள்மீது அவர் கை அரிதாகவே சென்றது. தேவாலயங்களின் உட்புறங்கள், நகரச் சதுக்கங்கள், மதிற்சுவர்கள் ஆகியவையே அவருக்கு உலகமாயின.

அக்காலத்து ஒல்லாந்து ஓவியர்களிடம் இரண்டு சொல்வழக்குகள் இருந்தன. 1604இல் ஓவியர் வரலாற்றை எழுதிய காரெல் வான் மாண்டர் அவற்றைப் பெரிதும் கையாண்டார். ஒன்று, ‘உயிரிலிருந்து’ வரைதல். அஃதாவது எதிரே நிற்கும் பொருளைப் பார்த்து வரைதல். மற்றொன்று, ‘உள்ளத்திலிருந்து’ வரைதல். கண்டவற்றை மனத்தில் வாங்கிப் புனைந்து வரைதல். தமிழ் படித்தவர்க்கு இப்பிரிவு புதிதன்று. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டையும் வைத்து, அவ்விரண்டும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் வகுத்ததை நாம் அறிவோம். சான்ரெடமின் கலையிலும் அவ்விரண்டும் கலந்தே நிற்கின்றன. எனினும் எந்த இடத்தில் ஒன்று முடிகிறது, எந்த இடத்தில் மற்றது தொடங்குகிறது என்பதை அவர் மறைத்ததில்லை. எந்த நாளில் பார்த்து வரைந்தேன், எந்த ஆண்டில் வண்ணம் தீட்டினேன் என்று தனித்தனியே தேதியிட்டு எழுதிவைப்பது அவர் வழக்கம்.

கரிக்கோலும் கணக்கும்

கரிக்கோல் என்றும் பென்சில் என்றும் நாம் வழங்கும் கருவி அந்நாளில் புதுமையானது. இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட மென்கரியக் கட்டியே அதற்கு மூலம். அதை ஈயம் என்றே மக்கள் கருதினர். அதனால் டச்சு மொழியில் பானை ஈயம் என்று பொருள்படும் ‘பொட்லோட்’ என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டது. இன்றும் டச்சுக்காரர் பென்சிலை அப்பெயராலேயே அழைக்கின்றனர். அது ஈயமன்று, கரியின் ஒரு வடிவமே என்று ஷீலே என்னும் வேதியியலாளர் மெய்ப்பித்தது 1779இல்தான். கருஞ்சுண்ணக் கட்டியும் இந்த மென்கரியமும் அழிக்கத்தக்க முதற்கோட்டைத் தந்தன. தூவலும் மையும் அக்கோட்டை நிலைநிறுத்தின. நீர்வண்ணம் அதன்மேல் நிழலையும் செங்கல்லின் நிறத்தையும் பரப்பியது. சான்ரெடமின் தாள்கள் இம்மூன்றும் சேர்ந்தவை.

அவருடைய வேலைமுறை பொறுமையின் இலக்கணம் என்று சொல்லத்தக்கது. முதலில் இடத்திலேயே அமர்ந்து கைபோன போக்கில் ஒரு சித்திரம் வரைவார். அதன்பின் தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, வளைவின் உயரம் முதலியவற்றை அளந்து குறித்துக்கொள்வார். இல்லம் திரும்பி, அவ்வளவுகளைக் கொண்டு, பார்வைப் புள்ளி ஒன்றை நிறுத்தி, அளவுகோல் வைத்து இரண்டாவது வரைபடம் ஒன்றை ஆக்குவார். அவ்வரைபடத் தாளின் பின்புறத்தில் கரி பூசி, ஓவியப் பலகையின்மீது வைத்து, கூரிய ஊசிமுனையால் கோடுகளின் மேல் அழுத்தி இழுப்பார். கோடுகள் பலகையில் பதியும். அதன் பின்னரே வண்ணம். முதற்கோட்டுக்கும் இறுதி வண்ணத்துக்கும் இடையே சில வேளைகளில் பத்தாண்டு, இருபதாண்டு கழிந்துவிடும்.

1636ஆம் ஆண்டில் உட்ரெக்ட் நகருக்குச் சென்று பல வாரங்கள் தங்கி, அந்நகரின் பழைய தேவாலயங்களை அவர் வரைந்தார். அவற்றுள் மரியாள் ஆலயத்தின்மீது அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. உள்ளும் புறமுமாக அதனைப் பலமுறை வரைந்து, அச்சித்திரங்களிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் ஓவியங்கள் தீட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாலயம் இடித்துத் தள்ளப்பட்டது; அதனை ஒட்டிய சுற்றுமண்டபம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. அந்த ஆலயம் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் இன்று சான்ரெடமின் தாள்களையே நாடுகின்றனர். அதே நகரின் பேராலயத்தின் நடுக்கூடம் 1674 ஆகஸ்ட் 1ஆம் நாள் வீசிய புயலில் இடிந்து வீழ்ந்தது. அவ்விடிபாட்டை ஹெர்மன் சாஃப்ட்லேவன் என்னும் ஓவியர் கருஞ்சுண்ணத்தால் வரைந்துவைத்தார். முன்னவர் இழப்புக்கு முன் வரைந்தார். பின்னவர் இழந்தபின் வரைந்தார். இவ்விரு வகையினரும் ஒரு நகருக்குத் தேவை.

1649இல் தம் பிறந்த ஊரான அசெண்டெல்ஃப்ட் ஆலயத்தின் உட்புறத்தை அவர் ஓவியமாக்கினார். வெண்சுவர்கள், உயர்ந்த வளைவுகள், பிரசங்கம் கேட்டுத் தரையில் அமர்ந்திருக்கும் ஊர்மக்கள். முன்புறத் தரையில் ஒரு கல்லறைப் பலகை. அதில் தந்தையின் பெயர். அந்த ஆலயமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இல்லாமற்போனது. துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், அளவு பிசகாத ஒரு கல்லாகத் தந்தையை வைத்துச் சென்ற இந்த அடக்கம், நூறு அடிப் புலம்பலினும் வலிது என்பதைக் கவிஞர் உணர்வர்.

பழைய மண்டபம்

இனி, நம் சித்திரத்துக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமின் நடுவே, ஆற்றில் கட்டிய அணையால் பெயர்பெற்ற ‘தாம்’ சதுக்கத்தில், இடைக்காலத்தைச் சேர்ந்த பழைய நகர மண்டபம் நின்றது. அது ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில் எழுந்த கட்டடமன்று. தேவை வரும்போதெல்லாம் பக்கத்து மனைகளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. அருகிருந்த புனித எலிசபெத் மருத்துவ இல்லத்தின் கட்டடமும் அதனோடு இணைந்தது. கீழே வளைவுகளோடு கூடிய திறந்த முகப்பு. அங்கே பொதுமக்கள் காண நீதி வழங்கப்பட்டது. மரண தண்டனையும் அங்கேதான் உரைக்கப்பட்டது. 1609இல் நிறுவப்பட்ட நாணயமாற்று வங்கியும் அக்கட்டடத்துக்குள்ளேயே இயங்கியது. ஐரோப்பிய வணிகர்கள் தங்கள் பொன்னையும் வெள்ளியையும் நம்பி ஒப்படைத்த வங்கி அது.

இத்துணைப் பெருமைக்கு உரிய மண்டபம் பார்வைக்கு எளியதாகவும் சிதைந்ததாகவும் இருந்தது. கோபுரத்தின் கூம்பு நெடுநாள் முன்பே அகற்றப்பட்டு, மொட்டையான செங்கல் உடல் மட்டும் நின்றது. உலகக் கடல்களில் கப்பல் ஓட்டிய நகரத்துக்கு இது தகாது என்று ஆட்சியாளர் எண்ணினர். 1640ஆம் ஆண்டளவிலேயே புதிய மண்டபம் எழுப்பும் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. ஆகவே சான்ரெடம் ஹார்லெமிலிருந்து வந்து அச்சதுக்கத்தில் அமர்ந்தபோது, அவர் எதிரே நின்றது நாள் குறிக்கப்பட்டுவிட்ட ஒரு கட்டடம். எவரும் புகழாத, எவரும் காக்க நினையாத ஒன்று.

அதனை அவர் எவ்வாறு பார்த்தார்? முதலாவதாக, அவர் அதை அழகுபடுத்தவில்லை. மொட்டைக் கோபுரம் மொட்டையாகவே உள்ளது. காரை உதிர்ந்த சுவர், ஒன்றோடொன்று ஒட்டாத கூரைகள், படிப்படியாக ஏறும் முக்கோண முகப்பு, சாளரக் கதவுகள் ஆகிய யாவும் உள்ளபடியே உள்ளன. இரண்டாவதாக, அவர் அதை இகழவும் இல்லை. சிதைவைக் காட்டுபவர் பெரும்பாலும் இரக்கத்தையோ ஏளனத்தையோ துணைக்கு அழைப்பர். இங்கே இரண்டுக்கும் இடமில்லை. மூன்றாவதாக, நகரின் மிகுந்த ஆரவாரமுள்ள சதுக்கத்தில் அமர்ந்தும், அந்த ஆரவாரத்தை அவர் தாளுக்குள் விடவில்லை. சிலரே நடமாடுகின்றனர், அவர்களும் கட்டடத்தின் அளவை நமக்கு உணர்த்தவே நிற்கின்றனர். கூவி விற்போரும் வண்டிகளும் நிறைந்த இடத்தில் இத்துணை அமைதியை வரைந்ததுதான் அவருடைய புனைவு. உலகியல் சுவரில் இருக்கிறது. நாடகம் அமைதியில் இருக்கிறது.

அந்த ஆறு நாள்களையும் நாட்காட்டியில் வைத்துக் கணக்கிட்டால் ஓர் இனிய உண்மை கிட்டுகிறது. 1641 ஜூலை 15 திங்கட்கிழமை. ஜூலை 20 சனிக்கிழமை. ஞாயிறு தவிர்த்து ஒரு வாரத்தின் வேலைநாள்கள் முழுவதையும் அவர் இந்த ஒரு கட்டடத்துக்குக் கொடுத்திருக்கிறார். கொத்தனும் தச்சனும் தம் கூலிவேலைக்குச் செல்வதுபோல் அவரும் சென்றிருக்கிறார். அருள் வந்திறங்கும் வேளைக்காகக் காத்திருந்த கலைஞராக அவரை நாம் கற்பனை செய்ய இயலாது. திங்கள் வந்தார், சனி முடித்தார். கலையில் உழைப்பு என்பது இதுதான்.

தீயும் தீக்குப் பின்னும்

புதிய மண்டபத்துக்கான முதல் மரத்தூண் 1648 ஜனவரியில் அடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சதுப்பு நிலமாதலால் 13,659 மரத்தூண்களை மண்ணுள் இறக்கி, அவற்றின்மேல் கட்டடம் எழுப்பினர். ஆண்டின் நாள்களாகிய 365க்கு முன்னே 1, பின்னே 9 சேர்த்தால் அந்த எண் வரும் என்று டச்சு மாணவர்கள் இன்றும் நினைவில் வைத்துக்கொள்வர். அப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே, இடிபடக் காத்திருந்த பழைய மண்டபத்தைத் தீ முந்திக்கொண்டது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இரண்டு நாள்கள் கழித்து, ஜூலை 9ஆம் நாள், வேறோர் ஓவியர் அச்சதுக்கத்துக்கு வந்தார். அவர் ரெம்பிராண்ட். எடைமேடைக் கட்டடத்தின் அருகே நின்று, தூவலும் பழுப்பு மையும் கொண்டு, எரிந்த மண்டபத்தின் எலும்புக்கூட்டை ஒரு சிறு தாளில் வரைந்தார். எங்கிருந்து பார்த்தது, எந்த நாளில் பார்த்தது என்பதைத் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அத்தாள் இன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் வாழ்ந்த இல்லத்தில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் எழுந்துகொண்டிருந்த புதிய சுவர்களை நகரமே வியந்து நோக்கிய நாள்கள் அவை. அவர் கண்ணோ இடிபாட்டின்மேல் நின்றது.

இவ்விரு சித்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இரு வேறு கவிதை நெறிகள் புலப்படும். சான்ரெடமின் கோடு அளந்து வைத்த கோடு. ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்குச் சொல்லும். ரெம்பிராண்டின் கோடு தடுமாறி ஓடும் கோடு. புகை இன்னும் அடங்கவில்லை என்று அது சொல்லும். முன்னது யாப்பு வழுவாத செய்யுள். பின்னது மூச்சுவாங்கும் புதுப்பாட்டு. இரண்டில் எது உயர்ந்தது என்று நம் அரங்குகளில் வழக்காடுவதுபோல் இங்கே வழக்காட வேண்டுவதில்லை. தீக்கு முன்னர் நின்றது யாது என்பதை முதலாமவர் சொல்லியிராவிட்டால், இரண்டாமவர் காட்டும் இழப்பின் அளவை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஒருவரது கோடு மற்றவரது கோட்டுக்கு உரையாகிறது.

அந்தத் தீ வேறோரிடத்திலும் தன் தடத்தை விட்டுச்சென்றது. 1776இல் வெளிவந்த தமது பொருளியல் பெருநூலில் ஆடம் ஸ்மித் ஒரு செய்தியைக் குறிக்கிறார். 1672இல் பிரெஞ்சுப் படை உட்ரெக்ட் வரை வந்துவிட்டபோது, மக்கள் அஞ்சி ஆம்ஸ்டர்டாம் வங்கியில் இட்ட பணத்தைத் திரும்பக் கேட்டனர். வங்கி தயங்காமல் எடுத்துக் கொடுத்தது. அவ்வாறு வெளிவந்த நாணயங்களுள் சில, நகர மண்டபத் தீயில் கருகிய தடத்தோடு இருந்தனவாம். கணக்கில் எழுதிய பணம் உண்மையிலேயே பெட்டகத்தில் இருந்தது என்பதற்கு அந்தக் கருக்கலே சாட்சியாயிற்று. தீ அழித்ததும் உண்டு. தீ மெய்ப்பித்ததும் உண்டு.

புதிய மண்டபமும் கவிஞரும்

புதிய மண்டபம் 1655 ஜூலை 29ஆம் நாள் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர், சான்ரெடமின் உருவத்தை முன்பு வரைந்த அதே வான் காம்பென். ஒல்லாந்தின் தலைசிறந்த கவிஞரான யோஸ்ட் வான் டென் ஃபோண்டல் திறப்பு விழாவுக்கு நீண்டதொரு கவிதை இயற்றினார். கான்ஸ்டன்டைன் ஹொய்கன்ஸும் பாடினார். புதுமனைக்குப் பாட்டு கிடைத்தது. ரெம்பிராண்டுக்கோ அம்மண்டபத்தில் இடம் நிலைக்கவில்லை. பட்டேவியர் கிளர்ச்சியைக் குறித்து அதன் சுவருக்கென்று 1661, 1662ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய பேரோவியம் சில காலத்திலேயே அகற்றப்பட்டது. வெட்டிக் குறைக்கப்பட்ட அதன் ஒரு பகுதி இன்று ஸ்டாக்ஹோமில் உள்ளது. விழாக்கவிதை பாடிய ஃபோண்டலின் நிலையும் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. 1658 முதல் பத்தாண்டுக் காலம், எண்பது வயது வரை, நகரின் அடகுக்கடையில் அவர் கணக்கராகப் பணியாற்ற நேர்ந்தது. ஆட்சியாளரின் கைதட்டலுக்கும் கவிஞனின் அடுப்பெரிவதற்கும் உள்ள தொலைவு எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

பழைய மண்டபத்தை அவ்விழாவில் யார் நினைத்தார்? சான்ரெடம் நினைத்தார். பதினாறு ஆண்டுகள் பெட்டியில் இருந்த தம் சித்திரத்தை எடுத்து, 1657இல் அதனை எண்ணெய் வண்ண ஓவியமாக்கினார். ஏறத்தாழ 65 செ.மீ. உயரமும் 84 செ.மீ. அகலமும் கொண்ட சிறு பலகை அது. மண்டபம் தீயில் அழிந்ததையும், தாம் 1641இல் எந்தெந்த நாள்களில் நேரில் பார்த்து வரைந்தார் என்பதையும், ஓவியம் தீட்டிய ஆண்டையும் அந்த ஓவியத்துக்குள்ளேயே எழுதிவைத்தார். மறுஆண்டு நகராட்சித் தலைவர்கள் அதனை 400 கில்டர் கொடுத்து வாங்கி, புதிய மண்டபத்தில் தம்முடைய அறையிலேயே மாட்டினர். பளிங்குச் சுவர்களுக்கு நடுவே காரை உதிர்ந்த செங்கற்சுவர்! இடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்த அதே சபையின் வழிவந்தோர், அதன் நிழலைப் பொன்கொடுத்து வாங்கித் தம் கண்முன் வைத்துக்கொண்டனர். நகரத்தின் ஆட்சியிலுள்ளோர் தாம் வந்த வழியை மறவாதிருக்க இதைவிடச் சிறந்த ஆத்திசூடி வேண்டுவதில்லை. அந்த மண்டபம் 1808இல் லூயி போனபார்ட்டால் அரண்மனையாக்கப்பட்டது. ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கோடு சொல்லாதவை

இதுவரை புகழ்ந்தோம். தமிழராகிய நாம் இச்சித்திரத்தின் முன் நிற்கும்போது, அதில் வரையப்படாத சிலவற்றையும் காண வேண்டியவர்களாக இருக்கிறோம். நகராட்சித் தலைவர்கள் ஓவியத்தை வாங்கிய அந்த 1658ஆம் ஆண்டில்தான், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றியது. 1602இல் தொடங்கிய அக்கம்பெனியின் பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாம் வணிகருடையது. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய நாள் முதல், சோழமண்டலக் கரையின் துணியை வாங்கி, அதைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் பெறுவது அவர்களுடைய வணிகத்தின் அச்சாணி. எனவே சான்ரெடம் வரைந்த சுவர்களின் பின்னே இருந்த வங்கியின் செல்வத்தில், நம் கரையின் தறிச்சத்தமும் ஓரளவு கலந்தே இருந்தது எனல் மிகையாகாது. அவருடைய தாளில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. அமைதியை வரைந்தவர் எதன்மேல் அந்த அமைதி நிற்கிறது என்று கேட்கவில்லை.

நம் ஊர்களையும் ஒல்லாந்தர் வரைந்தனர். ஆனால் அவ்வரைவுகளின் இயல்பு வேறு. கோட்டை மதிலின் கோணம், அகழியின் அகலம், பீரங்கி நிற்கும் முனை ஆகியவற்றைக் குறிக்கவே கம்பெனியின் நில அளவைக்காரர் கோலெடுத்தனர். யொஹான்னஸ் ஃபிங்போன்ஸ் என்பவரோ ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டே, கம்பெனிக்கு வந்த வரைவுகளைக் கொண்டு, கடல்கடந்த துறைமுகங்களை நீர்வண்ணத்தில் எழிலாகத் தீட்டினார். 1658 முதல் யாழ்ப்பாணத்தில் சமயப்பணி புரிந்த பிலிப்பு பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில், நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களின் ஆலயங்களும் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக இடம்பெற்றன. தமிழ் எழுத்துகளும் தகடுகளில் பொறிக்கப்பட்டன. நமக்கு அவை அரிய சான்றுகளே. ஆயினும் திங்கள் முதல் சனி வரை ஒரு தெருவில் அமர்ந்து, பயன் கருதாது ஒரு பழஞ்சுவரை நேசித்து வரைந்த கை நம் தெருக்களுக்கு அன்று வாய்க்கவில்லை.

ஒல்லாந்தர் கட்டியவையும் நிலைத்தவை அல்ல. யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே 1706இல் அவர்கள் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம், போர்க்காலத்தில், 1990ஆம் ஆண்டு முற்றுகையின் பின், கற்குவியலாயிற்று. கட்டியவர் அன்னியர் என்பதால் அந்தக் கல்லின்மேல் நமக்கு உரிமை இல்லாமற்போகாது. அக்கல்லைச் சுமந்த தோள்கள் நம்மவருடையவை. அதன் நிழலில் நின்றவரும் நம்மவரே. இன்று அதன் உருவத்தை அறிய முன்னர் எடுத்த புகைப்படங்களையும் அளந்து வரைந்த படங்களையுமே நாட வேண்டியுள்ளது. சான்ரெடம் கற்பித்த பாடத்தை, நாம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

நமக்கு உரியது

புகார் நகரம் கடலுள் மறைந்தது, பட்டினப்பாலை மறையவில்லை. எனவே தமிழர் தம் நகரங்களைச் சொல்லில் காத்தவர்கள் என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமை இன்றைய நம்மை ஒரு கடமைக்கு உட்படுத்துகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் நகரம் இருந்தபோதே பாடினார். இழந்தபின் பாடும் இரங்கற்பாக்கள் நம்மிடையே இன்று மிகுதி. இருக்கும்போது உற்றுநோக்கிப் பாடும் பாக்கள் குறைவு. நம் தெருமுனையின் படிப்பகம், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம், சந்தைத் திண்ணை, பயன்படாமற்போன நாற்சார வீடு ஆகிய எதுவும் நம் கவிதைக்குள் தன் உண்மை அளவோடு வந்து நின்றதுண்டா? வந்தாலும், எந்த ஆண்டில், எந்த நாளில் கண்டது என்ற குறிப்போடு வந்ததுண்டா? உணர்ச்சி மிகுந்த அடிகள் பல உண்டு. சுவரின் உயரம் சொல்லும் அடி ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்தாண்டு என்பது சிறிய காலமன்று. எத்தனையோ மாலைப் பொழுதுகளில் எத்தனையோ கவிதைகள் படிக்கப்பட்டுக் காற்றோடு கலந்திருக்கும். இம்மலரில் அச்சேறுபவை அவற்றுள் ஒரு பங்கே. ஆகவே எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து, தேதியிட்டு, படித்தவர் யார், கூடிய இடம் எது என்பதையும் எழுதிவைத்தல் உறுப்பினர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க எளிய பணி. கூடிய இடத்தை ஒருவர் கரிக்கோலால் வரைந்தும் வைக்கலாம். அது மாளிகையாக இருக்க வேண்டுவதில்லை. கூம்பு இழந்த கோபுரமாகவே இருக்கட்டும்.

ஆம்ஸ்டர்டாமின் பழைய மண்டபம் அழகியது அன்று. எவரும் அதைப் பாடியதற்காக அது நினைக்கப்படவும் இல்லை. கூனிய முதுகோடு ஒருவர் ஆறு நாள்கள் அதன் எதிரே அமர்ந்திருந்தார் என்பதே அது இன்றும் நிற்பதற்குக் காரணம். தீ எந்த நாளில் வரும் என்று எந்த ஓவியனுக்கும் தெரியாது, எந்தக் கவிஞனுக்கும் தெரியாது. கையில் கோல் இருக்கிறது. எதிரே சுவர் இன்னும் நிற்கிறது. அது நிற்கும்போதே அமர்ந்துவிடுவோம்.